குய்லின் முதல் தைப்பே வரை: ஒரு சீன முஸ்லிம் குடும்பத்தின் ஏழு நூற்றாண்டுகள்

1962ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் தைவானின் தலைநகரான தைப்பேயில் ஒரு முஸ்லிம் மூதாட்டி காலமானார். நகரின் விளிம்பிலுள்ள லியூசாங்லி குன்றின் சரிவில், முஸ்லிம் மையவாடியில் அன்னாரின் ஜனாஸா அடக்கம் செய்யப்பட்டது. இருபத்தைந்து வயதான அவருடைய மகன், தம் குடும்பம் தலைமுறை தலைமுறையாகப் பேணிவந்த வழக்கப்படி, தொடர்ந்து நாற்பது நாட்கள் அன்னையின் கப்ருக்குச் சென்று வந்தார். நாற்பத்தோராம் நாள் விமானமேறி அமெரிக்கா சென்றார். வழியனுப்ப வந்த முதிய தந்தை, விமானத்தின் படிக்கட்டு வரை மகனோடு நடந்து வந்தார். குளிர்காற்றில் நின்று கண்ணீர் விட்டார். ஒரு காலத்தில் இலட்சக்கணக்கான வீரர்களுக்குத் தலைமை தாங்கியவர் அவர். உணர்ச்சியை முகத்தில் காட்டாதவர் என்று பெயரெடுத்தவர். தந்தையும் மகனும் கடைசியாகச் சந்தித்த நாள் அதுதான்.

அந்தத் தந்தை, சீனக் குடியரசின் முதல் பாதுகாப்பு அமைச்சராக விளங்கிய படைத்தளபதி உமர் பாய் சுங்ஷி (1893-1966). அந்த மகன், இருபதாம் நூற்றாண்டின் சீன மொழிச் சிறுகதை ஆசிரியர்களுள் முதல் வரிசையில் வைத்து எண்ணப்படும் பாய் ஷியன்யுங். மேற்கண்ட நிகழ்ச்சியை அவரே தம் தன்வரலாற்றுக் கட்டுரையில் பதிவு செய்துள்ளார்.

நாற்பது நாள் கப்ரு ஸியாரத் குறித்து நம் ஊர்களில் நடைபெறும் மார்க்க விவாதங்களுக்குள் நாம் இங்கே நுழையவில்லை. நம் கவனத்தை ஈர்ப்பது வேறொன்று. பாரசீகத்திலிருந்து வந்ததாகச் சொல்லப்படும் ஒரு குடும்பம், ஏறத்தாழ எழுநூறு ஆண்டுகள் சீனத்தில் வாழ்ந்து, மொழியாலும் உடையாலும் உணர்வாலும் முழுமையாகச் சீனமயமாகி, பெரும் போர்களால் ஊர் ஊராகத் துரத்தப்பட்டு, கடல்கடந்து ஒரு தீவில் ஒதுங்கிய பின்னும், தாயின் கப்ரருகே நிற்கும் அந்த நாற்பது நாட்களை எவ்வாறு காத்துவைத்திருந்தது? எது அழிகிறது, எது எஞ்சுகிறது? சிறுபான்மைச் சமூகமாக வாழும் எவருக்கும் இது வெறும் அயல்நாட்டு வரலாறு அன்று.

வேரும் பெயரும்

பாய் குலத்தாரின் மரபுரை, தம் மூதாதையாக 'பொதுலுதிங்' என்பவரைக் குறிப்பிடுகிறது. மங்கோலியர் ஆண்ட யுவான் பேரரசின் காலத்தவர் அவர்; 1321இல் பேரரசுத் தேர்வில் தேறியவர்; பின்னர் தென்சீனத்தின் குவாங்சிப் பகுதியில் அரசுப்பதவி வகித்தவர். அவருடைய பெயரின் இறுதியில் ஒலிக்கும் 'திங்', நம் பெயர்களில் வரும் 'தீன்' என்பதன் சீன உச்சரிப்பே ஆகும்.

அது சீனத்தின் வாயில்கள் முஸ்லிம்களுக்கு விரியத் திறந்திருந்த காலம். மங்கோலியப் பேரரசர்கள் மத்திய ஆசியாவிலிருந்தும் பாரசீகத்திலிருந்தும் வந்தவர்களை ஆட்சிப்பணியிலும் வரித்துறையிலும் வானியலிலும் அமர்த்தினர். அரபுகள் 'சைத்தூன்' என்றழைத்த சுவான்சூ துறைமுகம் உலகின் மாபெரும் வணிகக் களங்களுள் ஒன்றாய்த் திகழ்ந்தது. 1281ஆம் ஆண்டைச் சேர்ந்த தமிழ்க் கல்வெட்டொன்று அங்கே கிடைத்திருப்பது நம்மில் பலரும் அறிந்ததே. 'மஅபர்' என அரபுகள் குறித்த நம் சோழமண்டலக் கரையில் உயர்பதவியிலிருந்த அபூ அலீ என்னும் முஸ்லிம், 1291இல் குபிலாய்கானின் அவையில் புகலிடம் பெற்று, 1299இல் அந்நாட்டிலேயே இறந்த செய்தியும் சீன ஆவணங்களில் உள்ளது. பாய் குலத்தின் மூதாதை நடந்த அதே காலப் பெருவழியில் நம் கரையைச் சேர்ந்தவரும் நடந்திருக்கிறார்.

1368இல் யுவான் ஆட்சி வீழ்ந்து மிங் ஆட்சி எழுந்தது. அயல்நாட்டு உடைகளுக்கும் பெயர்களுக்கும் தடை வந்தது. முஸ்லிம்கள் சீனக் குலப்பெயர்களை ஏற்றனர். முஹம்மது என்னும் திருப்பெயரின் முதல் ஒலி 'மா' ஆயிற்று. சீன முஸ்லிம்களிடையே மிகப் பரவலான குலப்பெயர் இன்றும் இதுவே. பொதுலுதிங்கின் வழியினர் 'பாய்' ஆயினர். நம் தெருக்களில் முஸ்லிம்களை விளிக்கும் 'பாய்' வேறு. இச்சீனச் சொல்லின் பொருள் வெண்மை என்பது. அரபு ஒலியின் ஒரு துணுக்கைச் சீன எழுத்தொன்றுக்குள் பொதிந்துவைத்த இந்த ஏற்பாட்டை நாம் கூர்ந்து நோக்கவேண்டும். அயலார்க்கு அது சாதாரணச் சீனப் பெயர். உள்ளிருப்போர்க்கு அது நினைவூட்டல்.

ஏழைச் சிறுவனும் படைத்தளபதியும்

பாய் சுங்ஷி 1893 மார்ச் 18 அன்று, குய்லின் நகருக்கு அருகிலுள்ள ஷான்வெய் கிராமத்தில் பிறந்தார். சிறு வயதிலேயே தந்தையை இழந்த அவர், வறுமைக்கிடையே கல்வியைத் தொடர்ந்து, மஞ்சு அரசு புதிதாகத் தொடங்கிய இராணுவப் பள்ளியில் சேர்ந்தார். 1911இல் வூச்சாங்கில் முடியாட்சிக்கு எதிராகப் புரட்சி வெடித்தபோது, குவாங்சி மாணவர் படையில் ஒருவராக வடக்கு நோக்கி நடந்தார். 1916இல் பௌதிங் இராணுவக் கழகத்தில் பட்டம் பெற்றார்.

ஊர் திரும்பியதும் லீ சுங்ரென், ஹுவாங் ஷௌஹுங் என்னும் இருவருடன் இணைந்து குவாங்சி மாகாணத்தை ஒரே ஆட்சியின்கீழ்க் கொணர்ந்தார். இம்மூவர் அணியே வரலாற்றில் 'புதிய குவாங்சி அணி' எனப்படுகிறது. 1926இல் சியாங் கை ஷேக்கின் தலைமையில் தொடங்கிய வடதிசைப் படையெடுப்பில் பாய், தலைமைப் படையலுவலர் பொறுப்பை ஏற்றார். 1927 மார்ச்சில் அவருடைய படை ஷாங்காயினுள் புகுந்தது. 1928இல் பெய்ஜிங் வரை சென்றது. போர்த்தந்திரத்தில் வல்ல அவரைப் பண்டைய அறிஞர் சூகே லியாங்கிற்கு ஒப்பிட்டு 'சின்ன சூகே' என்று மக்கள் அழைக்கலாயினர்.

இப்புகழுக்கு ஒரு கரிய பக்கமும் உண்டு. அதனை மறைப்பது வரலாற்றுக்குச் செய்யும் துரோகம். 1927 ஏப்ரல் 12 அன்று ஷாங்காயில் கம்யூனிஸ்டுகளுக்கும் தொழிற்சங்கத்தினருக்கும் எதிரான வேட்டை தொடங்கியது. மறுநாள் ஊர்வலமாக வந்த தொழிலாளர்கள்மீது துப்பாக்கிச்சூடு நடந்தது. நகரின் இராணுவப் பொறுப்பு அப்போது பாயின் கையில்தான் இருந்தது.

1929இல் சியாங்குடன் மூண்ட போரில் குவாங்சி அணி தோற்றது; பாய் நாட்டைவிட்டே வெளியேற நேர்ந்தது. பின்னர் திரும்பிவந்து 1930களில் குவாங்சியைச் சாலைகள், பள்ளிகள், ஊர்க்காவற்படைகள் உடைய முன்மாதிரி மாகாணமாக மாற்றினார். சியாங்கிற்கும் அவருக்குமிடையே எஞ்சிய ஐயம் மட்டும் இறுதிவரை அகலவேயில்லை.

போரும் சமூகமும்

1937 ஜூலை 7 அன்று மார்க்கோ போலோ பாலத்தருகே ஜப்பானியப் படையுடன் மோதல் வெடித்தது. நான்கு நாட்களுக்குப் பின், ஜூலை 11 அன்று, பாய் சுங்ஷியின் பத்துப் பிள்ளைகளுள் எட்டாவதான ஷியன்யுங் பிறந்தார். அடுத்த மாதமே தந்தை பழம்பகை மறந்து நான்ஜிங் சென்று, தேசியப் படைகளின் துணைத் தலைமை அலுவலராகப் பொறுப்பேற்றார்.

ஆயுத வலிமையில் ஜப்பான் பன்மடங்கு மேலோங்கியிருந்தது. நிலப்பரப்பை விட்டுக்கொடுத்துக் காலத்தை ஈட்டவேண்டும். சிறு வெற்றிகளைச் சேர்த்துப் பெருவெற்றியாக்க வேண்டும் என்பது பாய் வலியுறுத்திய போர்முறை. 1938 மார்ச், ஏப்ரல் மாதங்களில் லீ சுங்ரெனின் தலைமையில் நடந்த தாய்எர்சுவாங் போரில் ஜப்பானியப் படை பின்வாங்கியது. அப்போர்த் திட்டத்தில் பாய்க்குப் பங்குண்டு. 1939 டிசம்பரில் குவாங்சியின் குன்லுன் கணவாயை மீட்ட போரை அவரே நேரடியாக நடத்தினார்.

நாம் இங்கு அழுத்திக் கூறவேண்டியது, இதே காலத்தில் அவர் முஸ்லிம் சமூகத்தின் தலைவராகவும் எழுந்தார் என்பதே. ஜப்பான், சீன முஸ்லிம்களைப் பெரும்பான்மையினரிடமிருந்து பிரித்துத் தன்பக்கம் ஈர்க்க முயன்றது. தான் பிடித்த பகுதிகளில் தனக்கு இணக்கமான முஸ்லிம் அமைப்புகளை உருவாக்கியது; முஸ்லிம் நாடுகளில் தன்னை இஸ்லாத்தின் நண்பனாகக் காட்டிக்கொண்டது. இதற்கு எதிராக 1938இல் சீன முஸ்லிம்களின் நாட்டுமீட்புச் சங்கம் வூஹானில் அமைக்கப்பட்டபோது, அதன் தலைமைப் பொறுப்பை ஏற்றவர் பாய் சுங்ஷி. துருக்கியில் கல்வி பயின்ற வாங் செங்ஷான் தலைமையில் முஸ்லிம் தூதுக்குழு ஒன்று எகிப்து, ஈராக், ஈரான், இந்தியா, துருக்கி முதலிய நாடுகளுக்குச் சென்று சீனத்தின் நியாயத்தை எடுத்துரைத்தது. 1939இல் ஜப்பானின் ஆதரவோடு ஐவர் ஹஜ்ஜுக்கு அனுப்பப்பட்டனர். கெய்ரோவின் அல்-அஸ்ஹரில் பயின்றுகொண்டிருந்த சீன மாணவர்கள் 28 பேர் தாமே மக்கா சென்று, ஹாஜிகளிடையே ஜப்பானின் ஆக்கிரமிப்பை விளக்கினர். புனித கஅபாவின் நிழலில் ஒரே நாட்டைச் சேர்ந்த இரு குழுக்கள், இருவேறு அரசுகளின் சார்பில் எதிரெதிரே நின்ற அக்காட்சி, அக்காலச் சீன முஸ்லிம்களின் நெருக்கடியைத் தெளிவாகக் காட்டுகிறது.

கல்விப்பணியிலும் பாயின் துணை இருந்தது. 1925இல் தொடங்கப்பட்டு, அறிஞர் மா சுங்திங்கின் உழைப்பால் பெய்ஜிங்கில் வளர்ந்த செங்தா ஆசிரியர் பயிற்சிப் பள்ளி, சீன மொழியும் அரபும் ஒருங்கே கற்ற புதிய ஆலிம்களை உருவாக்கிய நிறுவனமாகும். பெய்ஜிங் வீழ்ந்தபின் அப்பள்ளி பாயின் ஆதரவோடு குய்லினுக்குப் பெயர்ந்து, போர்க்காலத்திலும் ஓதலை நிறுத்தாமல் நடத்தியது.

அக்காலச் சீன ஆலிம்கள், நாட்டுப்பற்று ஈமானின் ஒரு பகுதி என்று பொருள்படும் வாசகத்தை நபிமொழியாகப் பரவலாக எடுத்தாண்டனர். ஹதீஸ் கலை வல்லுநர்கள் அதனை ஆதாரமற்றது என்று தள்ளியிருப்பதை நாம் அறிவோம். எனினும் அந்த ஆலிம்களின் நோக்கத்தைக் குறைத்து மதிப்பிடல் தகாது. நீங்கள் இந்நாட்டவரா, அயலவரா என்ற கேள்வி கத்திமுனையில் கேட்கப்பட்ட காலம் அது.

கேள்வியின் மறுபக்கம் இன்னும் சிக்கலானது. சீன முஸ்லிம்கள் தனியொரு இனத்தவரா, அல்லது இஸ்லாத்தைத் தழுவிய சீனரா? குடியரசு அரசு அவர்களைத் தனி இனமாக ஏற்கவில்லை. தனித்த வாழ்க்கைப் பழக்கங்கள் உடைய குடிமக்கள் என்றே குறித்தது. பாயும் சமயத்தையே அடையாளமாகக் கொண்டார், இனப்பிரிவை விரும்பவில்லை. கம்யூனிஸ்டுகளோ அவர்களைத் தனித் தேசிய இனமாக ஏற்றனர். 1949க்குப் பிறகு 'ஹுயி' என்பது அரசு அங்கீகரித்த இனப்பெயராயிற்று. சமயம் என்றால் குடிமை உரிமை உறுதிப்படும், தனித்தன்மை கரையும். இனம் என்றால் தனித்தன்மைக்கு இடம் கிடைக்கும், சமயம் பின்னுக்குச் செல்லும். இவ்விரண்டில் எதுவும் முழுப் பாதுகாப்பைத் தரவில்லை என்பதே பிந்தைய வரலாறு.

எண்பது பேரின் பயணம்

போர் என்பது தளபதிகளின் வரைபடத்தில் ஒன்று. பெண்களின் கையில் வேறொன்று. 1944இல் ஜப்பான் தென்சீனத்தின்மீது பெரும்படையெடுப்பை நடத்தியது. நவம்பரில் குய்லின் வீழ்ந்தது, நகரம் தீக்கிரையாயிற்று. தளபதி போர்முனையில் இருக்க, அவருடைய துணைவியார் மா பெய்சாங் அம்மையார், பாய், மா ஆகிய இரு குடும்பங்களையும் சேர்ந்த எண்பதுக்கும் மேற்பட்டோரை அழைத்துக்கொண்டு கடைசி இரயிலில் நகரைவிட்டு வெளியேறினார். அக்கூட்டத்தில் மூத்தவரான மாமியாருக்கு வயது தொண்ணூறு. இளையவனான கைக்குழந்தை பிறந்து ஒரு மாதமே ஆகியிருந்தது. மலைகளையும் ஆறுகளையும் கடந்து அவ்வளவு பேரையும் அம்மையார் போர்க்காலத் தலைநகரான சோங்சிங்கில் கொண்டுசேர்த்தார்.

அங்கே ஷியன்யுங்குக்குக் காசநோய் கண்டது. தொற்றும் நோயாதலால் நான்கு ஆண்டுகளுக்கும் மேலாகச் சிறுவன் தனியறையில் வைக்கப்பட்டான். வீட்டில் விருந்தும் விளையாட்டும் நடக்க, சன்னலின் பின்னிருந்து பார்த்துக்கொண்டிருந்த அந்தச் சிறுவன்தான் பின்னாளில் கதை எழுதினான். மனித வாழ்வின் நிலையாமையைப் பிறர் முதுமையில் உணர்வர். அவனோ ஒன்பது வயதுக்குள் எரிந்த நகரத்தையும் மூடிய அறையையும் பார்த்துவிட்டான்.

1945இல் ஜப்பான் சரணடைந்தது. 1946இல் பாய் சுங்ஷி பாதுகாப்பு அமைச்சரானார். குடும்பம் நான்ஜிங்கிலும் ஷாங்காயிலும் வாழ்ந்தது. ஷாங்காயில் ஒருநாள், நடிப்புக்கலைப் பேரறிஞர் மெய் லான்ஃபாங் நடித்த குன்சு இசைநாடகத்தைச் சிறுவன் கண்டான். 'பியோனி மண்டபம்' என்னும் மிங் கால நாடகத்தின் ஒரு பகுதி அது. பொருள் விளங்காத வயதில் செவியில் நுழைந்த அந்த இசை அவரைவிட்டு நீங்கவேயில்லை.

அமைதி நீடிக்கவில்லை. உள்நாட்டுப் போரில் தேசியவாத அரசு தோற்றது. 1948 முடிவில் குடும்பம் ஷாங்காயைவிட்டு நீங்கி, வூஹான், குவாங்சூ வழியாக ஹாங்காங் சேர்ந்தது. 1949 இறுதியில் பாயின் படைகள் ஹூனானிலும் சொந்த மாகாணமான குவாங்சியிலும் சிதறடிக்கப்பட்டன. டிசம்பர் 30 அன்று ஹைனான் தீவிலிருந்து அவர் தைவான் சென்றார். லீ சுங்ரென் அமெரிக்கா சென்றுவிட, தம்மை நம்பாத சியாங்கின் ஆட்சிக்குள் பாய் தெரிந்தே சென்றார். 1952இல் மகன் ஹாங்காங்கிலிருந்து தைப்பே வந்தார்.

தீவில் ஒரு முதுமை

தைவானில் பாய்க்குப் பதவிகள் பெயரளவில் இருந்தன, அதிகாரம் இல்லை. உளவுத்துறையினரின் கண்காணிப்பு வீட்டு வாசலிலும் பயணத்திலும் தொடர்ந்தது. வேட்டையும் சதுரங்கமும் நூற்படிப்புமாக அவருடைய நாட்கள் கழிந்தன.

1949ஐ ஒட்டித் தேசியவாத அரசுடன் தைவான் வந்த முஸ்லிம்கள் சுமார் 20,000 பேர் எனக் கணிக்கப்படுகிறது. படைவீரர்கள், அலுவலர்கள், வணிகர்கள் எனப் பல மாகாணங்களிலிருந்தும் சிதறி வந்த கூட்டம் அது. 1960இல் தைப்பே பெரும் பள்ளிவாசல் திறக்கப்பட்டது. 1971இல் சவூதி மன்னர் ஃபைஸல் அங்கு வருகைதந்தார். ஆயினும் பன்றியிறைச்சி இல்லாத உணவகம் அரிதாகவும், முஸ்லிம் மணமகன் அதனினும் அரிதாகவும் இருந்த சூழலில் இரண்டாம் தலைமுறையில் பலர் மெல்ல மெல்லச் சமூகத்திலிருந்து விலகினர். போரால் அழியாதது அமைதியில் கரைந்தது. இன்று அப்பள்ளிவாசலின் ஜும்ஆத் தொழுகையில் வரிசைகளை நிறைப்போருள் இந்தோனேசியத் தொழிலாளர்களே மிகுதி. பழைய புலம்பெயர்ந்தோர் கட்டிய இல்லத்தைப் புதிய புலம்பெயர்ந்தோர் உயிர்ப்பித்திருக்கின்றனர்.

1966 டிசம்பரில் பாய் சுங்ஷி தைப்பேயில் காலமானார். ஓராண்டுக்கு முன்பு, 1965இல், லீ சுங்ரென் கம்யூனிஸ்டு சீனத்துக்குத் திரும்பியிருந்ததால், பாய் கொலை செய்யப்பட்டார் என்ற வதந்தி பரவியது. இதய நோயே காரணம் என்று மகன் பின்னாளில் அவ்வதந்தியை மறுத்தார். லியூசாங்லி குன்றில் துணைவியாரின் அருகே தளபதி அடக்கம் செய்யப்பட்டார். அதே குன்றுப் பகுதியில் 1993இல், 1950களின் அரசு அடக்குமுறையில் கொல்லப்பட்டோரின் கல்லறைகள் 201 கண்டறியப்பட்டன. அரசின் தளபதியும் அரசு கொன்றவர்களும் ஒரே குன்றில் துயில்கின்றனர்.

மகனின் சாட்சியம்

ஷியன்யுங் முதலில் நீரியல் பொறியியல் படிக்கச் சென்று, பின் அதை விட்டுத் தைவான் தேசியப் பல்கலைக்கழகத்தில் இலக்கியம் பயின்றார். 1960இல் நண்பர்களுடன் 'நவீன இலக்கியம்' இதழைத் தொடங்கினார். அமெரிக்காவில் அயோவாவில் பயின்று, 1965 முதல் 1994 வரை சாண்டா பார்பராவிலுள்ள கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தில் சீனம் கற்பித்தார். 1971இல் நூலாக வந்த 'தைப்பே மனிதர்கள்' தொகுப்பின் 14 கதைகளும், பெருநிலத்தை இழந்து தீவில் ஒதுங்கிய முன்னாள் தளபதிகள், படைவீரர்கள், நடனமாதர், பேராசிரியர்கள் ஆகியோரின் வாழ்வைச் சொல்கின்றன. உடலால் தைப்பேயிலும் நினைவால் நான்ஜிங்கிலும் குய்லினிலும் வாழ்ந்த அம்மனிதர்களுள் ஆசிரியரின் தந்தை பெயர் சொல்லப்படாமலே நிற்கிறார்.

முதுமையில் அவர் தந்தையின் வரலாற்றை எழுதப் புகுந்தார். படங்களும் ஆவணங்களும் அடங்கிய 'தந்தையும் குடியரசும்' 2012இல் வெளிவந்தது. 2014இல் மற்றோர் ஆய்வாளருடன் இணைந்து, 1947ஆம் ஆண்டுத் தைவான் படுகொலையில் தந்தையின் பங்கு குறித்துத் தனி நூல் வெளியிட்டார்.

இங்குதான் நாம் நிதானிக்க வேண்டும். 1947 பிப்ரவரி 28 அன்று தைவானில் மக்கள் கிளர்ச்சி தொடங்கியது. மார்ச் 8 அன்று பெருநிலத்திலிருந்து வந்திறங்கிய படை கண்மூடித்தனமான கொலைகளில் இறங்கியது. இறந்தோர் 18,000 முதல் 28,000 வரை இருக்கலாம் என்று தைவான் அரசு அமைத்த குழுவின் 1992 அறிக்கை மதிப்பிட்டது. மார்ச் 17 அன்று பாதுகாப்பு அமைச்சர் பாய் சமாதானப்படுத்தும் பணிக்காக அனுப்பப்பட்டார். ஏப்ரல் 2 வரை தீவில் தங்கிய அவர், கண்டபடி கொல்லக்கூடாது, கைதானோரை வெளிப்படையாக விசாரிக்க வேண்டும் என்று ஆணையிட்டார். அதனால் பலர் மரணத்தினின்று தப்பினர் என்பது மகனின் வாதம். அதற்குச் சான்றுகளும் உள்ளன. ஆனால் அதே பாய், அடக்குமுறைக்குப் பொறுப்பான அதிகாரி ஒருவரைத் தண்டிக்கப் பரிந்துரைத்தபோதே, காவுசியுங்கில் குருதி சிந்தவைத்த தளபதியைப் பாராட்டவும் பரிந்துரைத்தார் என்பதை விமர்சகர்கள் சுட்டுகின்றனர். அதுவும் ஆவணமே.

தந்தைக்காக மகன் தரும் சாட்சியத்தை எவ்வாறு கொள்வது? நம் ஃபிக்ஹு மரபில் பெரும்பான்மை அறிஞர்கள், தந்தைக்குச் சாதகமாக மகன் அளிக்கும் சாட்சியை வழக்குமன்றத்தில் ஏற்பதில்லை. எதிராக அளித்தால் ஏற்பர். பாசம் பார்வையை வளைக்கும் என்பதே காரணம். அன்னிஸா அத்தியாயத்தின் 135ஆம் வசனம், தமக்கோ பெற்றோருக்கோ உறவினருக்கோ பாதகமாயினும் நீதியில் நிலைத்து நிற்குமாறு பணிக்கிறது. ஹிஜ்ரி 234இல் மறைந்த ஹதீஸ் கலைமேதை அலீ இப்னுல் மதீனீ (ரஹ்), தம் தந்தையின் அறிவிப்புகள் பற்றி வினவப்பட்டபோது முதலில் பிறரிடம் கேட்குமாறு கூறித் தயங்கினார்; மீண்டும் கேட்கவே, இது மார்க்க விஷயம் என்று சொல்லித் தந்தை பலவீனமானவர் என்றே தீர்ப்பளித்தார்.

இவ்வளவுகோலைக் கொண்டு பார்த்தால், ஷியன்யுங்கின் நூல்களை நாம் தீர்ப்பாகக் கொள்ள இயலாது. ஆனால் சான்றாகக் கொள்ளலாம். இரு அரசுகளும் பாய் சுங்ஷியை மறைக்க விரும்பின. பெருநிலத்தில் அவர் எதிரி. தைவானில் அவர் சந்தேகத்துக்குரியவர். பாடநூல்கள் அவரைத் தவிர்த்தன. வழக்கில் ஒரு தரப்பு முற்றிலும் வாய்மூடப்பட்டிருக்கும்போது, மகன் எழுந்து ஆவணங்களை மேசைமீது வைப்பது கடமைதான். ஆவணங்களை அவர் வைத்தார். எடைபோடுவது பிறர் கடமை. ஷாங்காயில் இறந்தோருக்கும் காவுசியுங்கில் இறந்தோருக்கும் மகன்கள் இருந்தனர் என்பதை எடைபோடுவோர் மறக்கலாகாது.

எஞ்சியது எது?

1987இல் ஷியன்யுங் ஏறத்தாழ நாற்பதாண்டு இடைவெளிக்குப் பின் ஷாங்காய் சென்றார். 1990களில் குய்லினையும் கண்டார். அங்கே அவரைத் தாயகத்துடன் உடனே பிணைத்தவை குய்லின் வட்டாரப் பேச்சும் அரிசி நூடுல்ஸுமே. குன்சு கலை 2001இல் யுனெஸ்கோவின் அங்கீகாரம் பெற்றது. 2004இல் அவர் இளம் நடிகர்களைக் கொண்டு 'பியோனி மண்டபம்' நாடகத்தைத் தைப்பேயில் மீண்டும் மேடையேற்றினார். பின்னர் அது பெருநிலப் பல்கலைக்கழகங்கள்தோறும் நடிக்கப்பட்டு, பல்லாயிரம் மாணவரை அக்கலையின்பால் ஈர்த்தது.

இதனைக் கண்டு சிலர் வினவலாம்: தந்தை பள்ளிவாசலுக்கும் மதரஸாவுக்கும் உழைத்தார், மகன் நாடக மேடைக்கு உழைத்தார், இது மரபின் தொடர்ச்சியா, இழப்பா? நாம் இதற்கு எளிய விடையைத் தர விரும்பவில்லை. தந்தை தம் மக்களுக்குச் சீனத்தை நேசிக்கக் கற்பித்தார். அந்நேசம் மகனிடம் கலையாக வெளிப்பட்டது. அதே வேளையில் சங்கமும் பள்ளியும் பத்திரிகையும் கட்டிய ஒரு தலைமுறையின் உழைப்பு, அடுத்த தலைமுறையின் அன்றாட வாழ்வுக்குள் எந்த அளவுக்கு இறங்கிற்று என்ற கேள்வி தைவான் முஸ்லிம்கள் அனைவர் முன்னும் நிற்கிறது. நிறுவனங்கள் சமூகத்தை உலகுக்கு அடையாளம் காட்டும். சமூகத்தை உள்ளிருந்து காப்பவை அடுப்பங்கரை, திருமணம், குழந்தைக்கு ஓதிக்கொடுக்கும் தாய், கப்ரருகே நிற்கும் கால்கள் ஆகியவை. எண்பது பேரை அழைத்துக்கொண்டு மலை கடந்த பெண்மணியின் பெயரை எந்தப் போர் வரலாறும் பேசவில்லை. ஆனால் நாற்பது நாட்கள் மகனைக் குன்றேற வைத்தது அவருடைய மறைவுதான்.

சீன முஸ்லிம்கள் ஒருவர் இறந்தார் என்று சொல்லமாட்டார்கள். 'குய்சென்' என்பார்கள்: மெய்மையிடம் மீண்டார் என்பது பொருள். மரணச் செய்தி கேட்டதும் நாம் மொழியும் இஸ்திர்ஜாவின் கருத்து அப்படியே சீனச் சொல்லாக மாறியிருக்கிறது. பல ஊர்களும் பல கரைகளும் கடந்த அம்மகன், கண்ணீரோடு பிரிந்த தந்தையின் மரணத்தைக் குறிக்க நேர்ந்தபோது, நவீனச் சீன இலக்கியத்தின் எத்தனையோ சொற்களை விட்டுவிட்டு, இச்சொல்லையே எடுத்தாண்டார். இன்று தைப்பே மாநகரம் லியூசாங்லி குன்றிலுள்ள அக்கல்லறை வளாகத்தை மரபுச் சின்னமாகப் பதிவு செய்து பாதுகாக்கிறது. கற்களை அரசு காக்கட்டும். 'மீளுதல்' என்னும் அச்சொல்லைக் காக்கும் பொறுப்பு எந்த அரசுக்கும் உரியதன்று. அது வீடுகளுக்கு உரியது.